கடற்கரை வீட்டில் நெருப்புக்கு எங்கே இடம்?

கீழக்கரையில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே குடியிருக்கும் வீட்டில் கணப்பு உண்டு. குளிர்காலம் வந்துவிட்டால் சாப்பாடு, பேச்சு, பிள்ளைகள் படிப்பு எல்லாமே அதன் முன்னால்தான். ஊரில் கட்டும் வீட்டு ஹாலிலும் அப்படி ஒரு ஃபயர்பிளேஸ் வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆர்க்கிடெக்ட் எலிவேஷனில், அதாவது வீட்டு முகப்புப் படத்தில், புகைபோக்கியோடு வரைந்தே கொடுத்துவிட்டார். மேஸ்திரி, "இது எதுக்கு தம்பி நம்ம ஊருக்கு?" என்கிறார். உம்மாவோ, "கொல்லையில தொதல் கிண்ட நல்ல அடுப்பு ஒண்ணு கட்டித் தா, அது போதும்" என்கிறார். தொதல் என்பது தேங்காய்ப்பாலில் கிண்டும் இனிப்பு. இடிக்கிற வீட்டுப் பவளக்கல்லைக் கணப்புச் சுவரில் ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இந்தக் கரையில் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி: ஹாலில் விறகு எரியும் கணப்பு வேண்டாம். ஆனால் ஆர்க்கிடெக்ட் வரைந்த புகைபோக்கியை அழித்துவிடாதீர்கள். அதை வீட்டின் பின்பக்கம், உங்கள் உம்மா அடுப்பு கேட்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். ஹாலில் எல்லோரையும் ஒன்றுகூட்டும் நடுவிடத்தின் வேலையை முற்றத்திடம் கொடுங்கள்.

கணப்பு குளிர் நாட்டு வீட்டுக்கு என்ன செய்தது என்று தெரிந்தால்தான் நமக்கு அது எதற்கு, எதற்கு வேண்டாம் என்பது புரியும். இங்கிலாந்தில் பழைய பெரிய வீடுகளில் நெருப்பு கூடத்தின் நட்டநடுவில், தரையிலேயே எரிந்தது. புகை கூரை வரை ஏறி, அங்கிருந்த திறப்பு வழியாக வெளியேறியது. கென்ட் பகுதியில் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் என்ற மாளிகையில் 14ஆம் நூற்றாண்டு அடுப்பு இன்றும் கூடத்தின் நடுவில் இருக்கிறது. அப்படிப்பட்ட கூடத்துக்கு மேல் மாடி போட முடியாது, ஏனென்றால் மேல்பாதி முழுக்கப் புகை. நெருப்பைச் சுவருக்குள் தள்ளி, புகைக்குத் தனிக் குழல் கட்டிக் கொடுத்த பிறகுதான் கூடத்துக்கு மேலே தளம் வந்தது, அறைகள் பிரிந்தன, ஒவ்வோர் அறைக்கும் தனி நெருப்பு வந்தது. 1662இல் இங்கிலாந்து அரசு அடுப்புக்கு வரி போட்டது. ஓர் அடுப்புக்கு வருடம் 2 ஷில்லிங். மக்கள் வெறுத்த அந்த வரி 1689இல் எடுக்கப்பட்டது. வீட்டின் வசதியை அதில் இருக்கும் அடுப்புகளை எண்ணித் தெரிந்துகொண்ட காலம் அது.

இத்தனைக்கும் திறந்த கணப்பு வெப்பம் தருவதில் மோசமான கருவி. எரியும் விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் அறைக்கு வரும். மீதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இதைத் திருத்தத்தான் 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1796இல் கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி கணப்பின் வடிவத்தையே மாற்றி எழுதினார்: ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டு, சூடு அறைக்குள் திரும்பட்டும், புகை ஏறும் தொண்டையை நாலு அங்குல அளவுக்குக் குறுக்கு, வேகமாக ஏறட்டும். இன்றைக்கும் ஒழுங்காகக் கட்டிய கணப்பு எதைத் திறந்து பார்த்தாலும் ரம்ஃபோர்டின் சாய்வு தெரியும்.

அப்புறம் நிலக்கரி வந்தது. லண்டன் வீடுகளின் கணப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த கரிப்புகை 1952 டிசம்பரில் பனிமூட்டத்தோடு சேர்ந்து நகரத்தையே மூடி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே வெந்நீர்க் குழாய் வெப்பமூட்டும் முறையும் பரவத் தொடங்கியிருந்தது. கணக்குப்படி பார்த்தால் கணப்பு அதோடு வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான விஷயம்.

ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் 1910இல் முடிந்த ராபி வீட்டில் உட்காரும் இடத்தையும் சாப்பிடும் இடத்தையும் சுவர் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கணப்பு நிற்கிறது, அவ்வளவுதான். ஓடை மேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டில், அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த பாறையை வெட்டாமல் தரைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்க விட்டு, அதையே அடுப்புத் திட்டாக்கினார். 1937இல் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்குக் கட்டிய சிறிய வீட்டில் தரைக்கு அடியில் சூட்டுக் குழாய்கள் ஓடின. குளிருக்கு அதுவே போதும். ஆனாலும் கணப்பு வைத்தார். 1949இல் பிலிப் ஜான்சன் என்ற இன்னோர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தனக்குக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீட்டில் வெளிச்சுவர் நாலும் கண்ணாடி. தரையிலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரே கட்டுமானம் ஒரு செங்கல் உருளை. அதன் ஒரு பக்கம் கணப்பு, உள்ளே குளியலறை.

சுவர்கள் குறையக் குறைய கணப்பின் வேலை கூடியது என்று இதிலிருந்து தெரிகிறது. திறந்த வீட்டில் எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. கனமான, அசையாத ஒன்று. ஜெர்மனி வீட்டில் உங்கள் பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தது சூடு பாதி, இந்த ஏற்பாடு பாதி. சூடு நமக்கு வேண்டாம். பாம்பனில் மார்கழி, தை விடியற்காலையிலும் 23, 24 டிகிரிதான் சாதாரணம். நம் மாநிலத்திலேயே ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் கணப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு, கீழக்கரையில் இல்லை. அந்த ஏற்பாடு மட்டும்தான் நமக்கு வேண்டியது.

"சூடு வேண்டாம், அழகுக்காவது ஒரு கணப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கும் நம் காற்று இடம் தராது.

புகைபோக்கி ஒரு வெறும் துளை கிடையாது. உள்ளே இருக்கும் சூடான காற்று லேசு, வெளியே இருக்கும் காற்று கனம். இந்த வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. நாலு மீட்டர் உயரக் குழலில் புகை 150 டிகிரி சூட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் இழுவை சுமார் 18 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு). நம் ஊரில் வெளியே 30 டிகிரி, இழுவை 13 பாஸ்கலுக்கு இறங்கிவிடும். அதே அடுப்பு, அதே குழல், கால் பங்குக்கும் மேல் பலம் போய்விட்டது. அது எரியும்போது உள்ள கணக்கு. எரியாதபோது நிலைமை இன்னும் மோசம். ஹாலில் ஏசி ஓடுகிறது, உள்ளே 24 டிகிரி, வெளியே 33. இப்போது உள்காற்றுதான் கனம். அது கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் கீழே வழிந்து வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருக்கும் சூடான காற்று புகைபோக்கி வழியே வீட்டுக்குள் இறங்கும். ஒரு பாஸ்கல் இருந்தால் போதும், குழலில் படிந்த கரியின் நாற்றம் முழுவதும் சோபாவில் வந்து உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம்பட்ட புகைக்கரியின் வாடை ஒரு தடவை பிடித்தால் திரைச்சீலையை விட்டுப் போகாது.

அதை எரிய விட்டாலோ, திறந்த கணப்பு மணிக்குச் சில நூறு கனமீட்டர் காற்றை இழுக்கும். 20க்கு 15 அடி ஹாலில் மொத்தக் காற்றே 85 கனமீட்டர்தான். மணிக்குப் பல தடவை உங்கள் ஹாலைக் காலி செய்து கொல்லைக் காற்றை உள்ளே இழுக்கிற ஒரு சாதனத்தை, ஏசி போட்ட அறையில் காசு கொடுத்துக் கட்டுவதில் அர்த்தமில்லை. கதவு ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடினால் இழுக்கக் காற்று இல்லாமல் புகை அறைக்குள்ளேயே திரும்பும்.

விறகு இல்லாத கணப்புகள் கடையில் கிடைக்கின்றன. எத்தனால் ஊற்றி எரிப்பதில் உண்மையான சுடர் வரும், புகைபோக்கி தேவையில்லை. ஆனால் அது அறையின் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவையும் நீராவியையும் அறையிலேயே விடும். ஏற்கெனவே ஈரக்காற்றில் பிசுபிசுக்கும் நம் ஊரில் நீராவி வேறு கூட்ட வேண்டுமா? அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூடு ஆறுவதற்குள் மறுபடி ஊற்றினால் குப்பென்று தீப்பிடிக்கும்; சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் நான் இதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரக் கணப்பில் ஹீட்டரை அணைத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் ஓட விடலாம். ஆபத்து இல்லை. ஆனால் அதன் முன்னால் இரண்டாவது வாரம் யாரும் உட்கார மாட்டார்கள், டிவி பக்கம்தான் திரும்புவார்கள்.

இனி முற்றம். இடிக்கப்போகும் உங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்திருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரின் பழைய வீட்டை எடுத்தாலும் அறைகள் அதைப் பார்த்துத்தான் திரும்பி இருக்கும். கல்யாண வீட்டில் சகன் என்ற பெரிய தட்டை வைத்து நாலு நாலு பேராக உட்காருவது அதைச் சுற்றித்தான். மழை பெய்தால் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடிப்பதும் அங்கேதான். ரைட் கணப்பை வைத்துச் செய்ததை நம் ஆட்கள் ஒரு பள்ளமான தரையையும் மேலே ஒரு வானத்தையும் வைத்துச் செய்துவிட்டார்கள். அதோடு அது புகைபோக்கியின் வேலையையும் செய்கிறது. அறைகளில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போகிறது, பதிலுக்குத் திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வருகிறது. இழுவைக்கு நெருப்பே தேவையில்லை, வெயில் போதும்.

இப்போது பலர் முற்றம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு முழுக்க மூடிவிடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சித்திரை மத்தியானத்தில் அந்த இடத்தில் நிற்க முடியாது. மின்விசிறி அந்தச் சூட்டைக் கீழே தள்ளும். மழைக்கும் திருடனுக்கும் பயந்து மூடுவதாக இருந்தால் மூடுங்கள், ஆனால் கூரையை முற்றத்து விளிம்புக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி தூக்கி வைத்து, நாலு பக்கமும் சாய்பலகை (லூவர்) அடித்துத் திறந்து விடுங்கள். கம்பிக்கூடு துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சாதாரண இரும்புக் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிமானம் பார்ப்பதற்கென்றே நிலையம் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்று நம்முடையது.

பவளக்கல் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அது அடிப்படையில் சுண்ணாம்புக் கல். அந்தக் காலத்தில் இதே கல்லைக் காளவாசலில் போட்டு எரித்துத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். 800, 900 டிகிரியில் அது நீற்றுப்போகும். கணப்பில் அவ்வளவு சூடு கல்லில் ஏறாது என்றாலும், துளைதுளையான அந்தக் கல்லுக்குள் கடல் உப்பும் ஈரமும் இருக்கும். திடீர்ச் சூட்டில் தோல் தோலாகப் பெயர்ந்து விழும். ஆனால் வெயிலையும் உப்புக்காற்றையும் அது அருமையாகத் தாங்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரைப் போய்ப் பாருங்கள், அது பவளக்கல் சுவர்தான். உங்கள் வீட்டுக் கல்லை முற்றத்தின் ஒரு சுவருக்கு, சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டுங்கள், மேலே சிமெண்ட் பூசாதீர்கள். கல் போதவில்லையென்று வெளியே தேட வேண்டாம். பவளப்பாறை 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பாறையாவது இருக்கட்டும்.

சரி, நெருப்புக்கு வருவோம். நம் வீடுகளில் நெருப்பு இல்லாமலா இருக்கிறது? உங்கள் உம்மா கேட்கும் தொதலையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் பிழிந்து, அரிசிமாவு கரைத்து, கருப்பட்டிப் பாகு சேர்த்து அகலச் சட்டியில் ஏற்றினால், எண்ணெய் பிரிந்து சட்டி ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தீ ஏறினால் அடிப்பிடிக்கும், இறங்கினால் இறுகாது. ஒருவர் துடுப்பைப் பிடிக்க, இன்னொருவர் விறகை இழுத்தும் தள்ளியும் பார்த்துக்கொள்வார். அத்தனை நேரமும் அடுப்புக்காரரின் முகத்தில்தான் புகை. இது தவிர பெருநாள் பிரியாணி, நோன்புக் கஞ்சி, விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு, கருவாட்டைச் சுடக் கொஞ்சம் மூட்டக்கரி. விறகுக்கும் பஞ்சமில்லை, ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம், மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கே அனுப்புகிறார்கள்.

ஆனால் புதுவீட்டுப் பிளானில் இந்த நெருப்புக்கு இடமே இருப்பதில்லை. முன்னால் பளபளவென்று ஒரு மாடுலர் கிச்சன், அதில் கேஸ் அடுப்பு, மேலே மின்சாரப் புகைபோக்கி. குடிபோன பிறகு கொல்லைச் சுவரோரம் தகரத்தைச் சாய்த்து, மூன்று கல்லைக் கூட்டி விறகடுப்பு வைப்பார்கள். அதன் புகை நேரே மேல்மாடிப் படுக்கையறை ஜன்னலுக்குள் போகும். சமைப்பவர் தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருப்பார். நாட்டில் 1983இல் புகையில்லா அடுப்புக்கென்று தேசியத் திட்டம் போட்டார்கள், 2016இல் உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு கொடுத்தார்கள். அடுப்புப் புகை பெண்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால்தான் இவ்வளவும். கோடி ரூபாய்க்கு வீடு கட்டுகிறவர்கள் வீட்டின் மூத்த பெண்ணை அந்தப் புகையிலேயே உட்கார வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஐரோப்பாக்காரன் ஐந்நூறு வருடமாகக் கணப்பில் கற்றுக்கொண்ட வித்தை எல்லாம் நமக்குத் தேவைப்படும் இடம் இந்தக் கொல்லை அடுப்புதான்.

ஆகவே ஹாலில் கட்ட நினைத்ததைக் கொல்லைத் தாழ்வாரத்தில் இப்படிக் கட்டுங்கள். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு உள்ள ஒரு மாடம். திறப்பின் அகலம் 42 அங்குலம். அடுப்புத் திட்டு தரையிலிருந்து ஒன்றேகால் அடிதான். கேஸ் மேடை உயரத்தில் கட்டினால் பெரிய சட்டியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. முக்காலி போட்டு உட்கார்ந்து கிண்டலாம். திட்டிலிருந்து 42 அங்குலத்தில் புகைக்கூண்டின் கீழ்விளிம்பு. திறப்பின் பரப்பு 1764 சதுர அங்குலம் ஆகிறது. குளிர்நாட்டுக் கணக்கில் குழலின் பரப்பு இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். நமக்கு இழுவை குறைவு, குழலும் குட்டை, ஆகவே எட்டில் ஒரு பங்கு கொடுங்கள். உள்ளளவு 15க்கு 15 அங்குலம் வைத்தால் சரியாக வந்துவிடும். கூண்டு மேலே போகப்போகச் சீராகக் குறுக வேண்டும். தட்டையான கூரையில் திடீரென்று ஓட்டை போட்டது போல் இருந்தால் புகை அங்கேயே சுழன்று முன்னால் வழியும். அடுப்பு வாய்க்கு ரம்ஃபோர்டு சாய்வு தேவையில்லை, சூடு சட்டிக்குப் போனால் போதும். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு வைத்துக்கொண்டால், சட்டிக்குக் கீழே மிஞ்சும் சூட்டில் வெந்நீர் காயும்.

உள்பக்கம் முழுவதும் தீச்செங்கல், தீக்களிமண் சாந்து. சாதாரண சிமெண்ட் பூச்சு முந்நூறு டிகிரிக்கு மேல் பலமிழந்து வெடிக்கும். குழலைச் செங்கல்லிலேயே மேலே கொண்டுபோங்கள். கால்வனைஸ்டு தகரக் குழாய் மலிவு, ஆனால் உள்ளே புகையின் அமிலம், வெளியே கடலின் உப்பு, இரண்டுக்கும் நடுவில் சில வருடங்கள்கூடத் தாங்காது. எஃகுதான் வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் கேளுங்கள், அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். கடைக்காரர் 304ஐ எடுத்துக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்பார், ஒன்றில்லை. அடியில் கரி அள்ள ஒரு சின்னக் கதவு வையுங்கள். அது இல்லாத புகைபோக்கியை யாரும் சுத்தம் செய்வதில்லை.

உயரம்தான் பலர் கோட்டை விடும் இடம். மொட்டைமாடித் தளத்துக்கு மேல் குறைந்தது மூன்றடி. அதோடு, பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டடி கூடுதல். அந்த 'எது' என்பதில் கைப்பிடிச்சுவர், படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடி எல்லாம் அடங்கும். படிக்கட்டு அறைக்கு ஒட்டினாற்போல் குட்டையாக நிறுத்தினால், அறைச் சுவரில் மோதித் திரும்பும் காற்று புகையைக் குழலுக்குள்ளேயே அமுக்கிவிடும். உச்சியில் மழை விழாமல் ஒரு கல்மூடி, நாலு பக்கமும் திறப்பு, அதில் அரை அங்குல எஃகு வலை. தேங்காய் மட்டையும் பாளையும் எரித்தால் பொறி பறக்கும், பக்கத்தில் கீற்றுக்கொட்டகை இருக்கலாம்.

எந்த மூலை என்று கேட்டால், தென்கிழக்கு. மேஸ்திரி அக்னி மூலை என்பார். அவர் காரணம் அவருக்கு. எனக்கு நம் காற்றை வைத்து ஒரு காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை வடகிழக்கிலிருந்து. ஒரு தாளில் சதுரம் போட்டுப் பாருங்கள். தென்கிழக்கு மூலையில் கிளம்பும் புகையைக் கச்சான் வடகிழக்குப் பக்கம் தள்ளும், அது வீட்டைத் தொடாமல் வெளியே போகும். வாடை அதைத் தென்மேற்குப் பக்கம் தள்ளும், அதுவும் வீட்டைத் தொடாது. இரண்டு பெருங்காற்றுக்கும் தப்புகிற இன்னொரு மூலை வடமேற்கு. தென்மேற்கில் அடுப்பு வைத்த வீட்டில் ஆடி மாதம் முழுவதும் புகை படுக்கையறையில்தான் இருக்கும், வடகிழக்கில் வைத்தால் கார்த்திகையில் அதே கதை. ஆனால் மூலையை மட்டும் நம்பிவிடக் கூடாது. கீழக்கரையில் கடல் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கமிருந்தே வரும். அப்போது புகை வீட்டுக்கு மேலேதான் கடக்கும். அதனால்தான் உயரத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். தொண்டி, தேவிபட்டினம் என்று வடகடல் பக்கம் கட்டுகிறவர்களுக்குக் கடல் கிழக்கே இருப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

அடுப்பு மாடத்துக்கு எதிரே தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஜாலித் திறப்பு வையுங்கள். புகை மேலே போக வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று கீழே வந்தாக வேண்டும். தாழ்வாரத்தைச் சுற்றிக் கண்ணாடி அடைத்துவிட்டு, புகைபோக்கி இழுக்கவில்லை என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. ஒரு ஜன்னலைத் திறந்ததும் இழுக்கும்.

கரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூட்டக்கரி புகையாது, அதனால் ஆபத்தில்லை என்ற நினைப்பு நம் ஊரில் பலமாக இருக்கிறது. கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி போடுகிறோம் என்று ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியை வைப்பது உயிரோடு விளையாடுவது. அந்தக் காலத்து அறையில் ஓட்டிடுக்கு வழியாகக் காற்று போய் வந்தது. இன்றைய அறையில் அது இல்லை. சாம்பிராணிக்கும் இந்த மாடமே போதும், தலை துவட்ட அங்கே கூட்டிவந்துவிடலாம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. குழல் தாழ்வாரத்துக் கூரைத் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தைக் கம்பி கட்டுவதற்கு முன்பே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் துளையைச் சுற்றிக் கூடுதல் கம்பி வேண்டும். தளமும் குழலும் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தீத்தாங்கும் கம்பளியைத் திணிக்க வேண்டும். ஒட்டிவிட்டால், சூட்டில் குழல் விரியும்போது தளம் வெடித்து, அந்த வெடிப்பு வழியே ஐப்பசி மழை உள்ளே வரும். உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியைத் தின்றுவிடும். துளையைச் சுற்றித் தளத்துக்கு மேல் ஆறங்குலம் உயர்த்தி ஒரு விளிம்பும் கட்டச் சொல்லுங்கள். தளம் போட்ட பிறகு டிரில் வைத்து உடைத்துக் குழல் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்க்கிடெக்ட் திருத்திக் கொடுக்கும் பிளானை எனக்கு அனுப்புங்கள். அதில் வடக்கு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மாடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற மூன்றும் குறித்திருக்கட்டும். குழலின் உயரத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.